‘ராஜாவுக்கு’ அல்ல, ‘ராஜாவுக்காக’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அதிகாரத்தில் இருப்பவர்களை ஆசீர்வதிப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆளுகிறவர்களைச் சபிக்கக் கூடாது, அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கிருந்து அவர் ஒரே தாவலில், ஆசீர்வதிக்கிற வாய் ஆட்சியாளரைக் குறித்துக் குறை எதுவும் பேசாது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். வேதாகமத்தில் அரசர்களை ஆசீர்வதித்தவர்களின் வரலாறு இதற்கு இடம் தரவில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கட்டுரையில் ஒரு வரியில் கடந்து போகும் யாக்கோபையே முதலில் பார்ப்போம். ஆதியாகமம் 47-ஆம் அதிகாரத்தில், பஞ்சத்தினால் பிழைப்பைத் தேடி எகிப்துக்கு வந்த கிழவனை, அவன் மகன் யோசேப்பு அரண்மனைக்குள் அழைத்துச் சென்று பார்வோனுக்கு முன்பாக நிறுத்துகிறான். நூற்றுமுப்பது வயது, இடுப்புச் சந்து சுளுக்கியதால் நொண்டி நடந்தவன் என்று அதே புத்தகம் முன்பே சொல்லியிருக்கிறது, கையில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, அடுத்த வேளை உணவே எதிரே அமர்ந்திருப்பவனின் களஞ்சியத்திலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்டவன் பார்வோனைப் புகழ்ந்து பாடினான் என்றோ, நிலம் கேட்டுக் கெஞ்சினான் என்றோ எழுதப்படவில்லை. உள்ளே வந்ததும் ஆசீர்வதிக்கிறான். வயதைக் கேட்ட அரசனிடம், தன் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமாகவே போயின என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான். மறுபடியும் ஆசீர்வதித்துவிட்டு வெளியே போகிறான். இந்தக் காட்சியோடு எபிரெயர் 7:7-ஐச் சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் விளங்கும். சிறியவன் பெரியவனாலே ஆசீர்வதிக்கப்படுவான் என்பது அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத விதியாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் அந்த அறையில் பெரியவன் யார்? சிங்காசனத்தில் இருந்தவனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்து, அவருடைய பெயரால் பேசியவன்தான். அதிகாரியை ஆசீர்வதிப்பது அவருடைய காலடியில் நின்று செய்கிற காரியமாக இங்கே தெரியவில்லை.

அடுத்தது, தமிழ் வாசகர்களுக்கு எளிதில் பிடிபடக்கூடிய ஒரு வேறுபாடு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று நான்கு சொற்களை அடுக்கிவிட்டு, இவற்றை ‘ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்’ செய்யச் சொல்கிறார். ‘ராஜாக்களுக்கு’ என்று அல்ல, ‘ராஜாக்களுக்காக’ என்று. ரோமப் பேரரசில் இராயனுக்கே, அதாவது பேரரசருக்கே, பலியிடுவதும் தூபம் காட்டுவதும் பல நகரங்களில் வழக்கமாக இருந்த காலத்தில், அந்த ‘ஆக’ என்ற சிறு உருபுதான் விசுவாசத்தின் எல்லைக்கோடாக நின்றது. எருசலேம் தேவாலயத்திலும் இதே நிலைதான். அங்கே இராயனுக்குப் பலி செலுத்தப்படவில்லை, இராயனுக்காகத் தேவனுக்குப் பலி செலுத்தப்பட்டது, கி.பி. 66-ல் அந்தப் பலியை நிறுத்தியது ரோமுக்கு எதிரான போர் அறிவிப்பாகவே கொள்ளப்பட்டது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பேரரசரின் நீண்ட ஆயுளுக்காகவும் பத்திரமான ஆட்சிக்காகவும் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கிறார்கள் என்று வாதிட்ட அதே நூலில், அவரைத் தேவன் என்று அழைக்க மாட்டோம் என்றும் எழுதினார். ஒருவருக்காக ஜெபிப்பதே அவர் தேவன் இல்லை, அவருக்கும் ஒரு தேவன் தேவைப்படுகிறார் என்ற அறிக்கைதான். முகத்துக்கு நேரே சொல்லும் புகழ்ச்சியில் இந்த அறிக்கை இருப்பதில்லை.

புகழ்ச்சி எப்படி இருக்கும் என்பதற்கும் வேதாகமத்திலேயே சாட்சி உண்டு. 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தில், யுத்தத்துக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் அரசன் ஆகாப் கேட்டதும், ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் ‘போம்’ என்கிறார்கள். மிகாயா என்ற தீர்க்கதரிசியை அழைக்கப் போன ஆள், எல்லாரும் ராஜாவுக்கு நன்மையாகவே சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே நன்மையாகச் சொல்லும் என்று வழியிலேயே சொல்லிக்கொடுக்கிறான். ஆசீர்வாதம் என்ற பெயரில் நாம் கேட்கும் பல மேடைப் பேச்சுகள் எனக்கு இந்த ஆளைத்தான் நினைவூட்டுகின்றன. நானூறு பேரின் ‘நன்மை’யை நம்பிப் போன ஆகாப் இரதத்திலேயே செத்தான். உண்மையைச் சொன்ன மிகாயாவுக்குக் கிடைத்தது கன்னத்தில் ஓர் அறையும் சிறைச்சாலையும்.

இதற்கு நேர்மாறாகத் தானியேலை வைத்துப் பார்க்கலாம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை அழித்தவன்; தானியேலைச் சொந்த நாட்டிலிருந்து பிரித்தவன். அவனுடைய வீழ்ச்சியை அறிவிக்கும் சொப்பனத்தைக் கேட்டபோது தானியேல் உள்ளூர மகிழ்ந்திருக்கலாம். மாறாக, ‘ஒரு நாழிகைமட்டும் திகைத்து’க் கலங்கினான் என்று நான்காம் அதிகாரம் சொல்கிறது. இந்தச் சொப்பனம் உம்முடைய பகைவருக்குப் பலிக்கட்டும் என்று அரசனை வாழ்த்திவிட்டு, அதன் அர்த்தத்தை ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்லி முடித்து, நீதியைச் செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்று புத்தியும் சொல்கிறான். கலக்கம், வாழ்த்து, கண்டனம் ஆகிய மூன்றும் ஒரே வாயிலிருந்து, ஒரே நேரத்தில் வருகின்றன. அரசனின் அழிவை விரும்பாதவன்தான் அவனை எச்சரிக்கத் தகுதியுள்ளவன் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் பற்றி ஒரு சிறு திருத்தம். ரோமப் பேரரசன் நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றுகொண்டிருந்தபோதே பவுல் அவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னார் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். பிரசங்கங்களிலும் இதை அடிக்கடி கேட்கிறோம். நீரோ கி.பி. 54 முதல் 68 வரை ஆண்டான் என்பது சரி. ஆனால் அந்த நிருபம் 57-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. ரோமில் நெருப்புப் பற்றியதும் அதைத் தொடர்ந்து கிறிஸ்தவர்கள் வதைக்கப்பட்டதும் 64-ல். மேலும், அதிகாரி ‘உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு’ தேவ ஊழியக்காரனாக இருக்கிறான் என்று நான்காம் வசனம் சொல்கிறது. ஊழியக்காரன் என்றால் கணக்குக் கேட்கும் எஜமான் ஒருவர் இருக்கிறார் என்றுதானே பொருள்!

அதற்காக வாய்க்கு வந்தபடி பேசலாம் என்று நான் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 23-ல், தன்னை அடிக்கச் சொன்ன அனனியாவைப் பவுல் ‘வெள்ளையடிக்கப்பட்ட சுவரே’ என்று ஏசுகிறார். அவர் பிரதான ஆசாரியர் என்று அறிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக் கூடாது என்ற வேதவசனத்தைத் தானே எடுத்துச் சொல்லிப் பின்வாங்குகிறார். இதை எகத்தாளம் என்று கொள்வோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏசிய சொல்லைத்தான் அவர் திரும்பப் பெற்றார். நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக என்னை அடிக்கச் சொல்லலாமா என்று கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். பணியில் இருந்த காலத்தில், எனக்கு மேலே இருந்த ஒருவர் சக ஊழியர் ஒருவரின் பெயரில் பொய்யான குறிப்பு எழுத என்னைக் கட்டாயப்படுத்தினார். நான் மறுத்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இரவில் முழங்காலில் நின்று அவரை ஆசீர்வதிக்க முயன்றபோது அவருடைய பெயர் வாயில் வரவில்லை. பல நாட்கள் ‘என் மேலதிகாரி’ என்று பதவியை மட்டுமே சொல்லி ஜெபித்தேன். அவருக்கு என்ன நன்மையைக் கேட்பது என்று யோசித்தபோது, அவர் மேலும் உயர வேண்டும் என்று கேட்க மனம் ஒப்பவில்லை. அவர் நியாயமாக நடக்கும் மனிதராக வேண்டும் என்று மட்டும் மனதாரக் கேட்க முடிந்தது. அன்றுதான் பெயரும் வந்தது. அதன் பின் ஒரு வாரத்துக்குள் அவர்மேல் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். அதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்திருந்த கடிதங்களில் இருந்த வசைச் சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் மாறினாரா என்றால், நான் அறிந்தவரையில் இல்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் ஜெபக்குறிப்புகளில், தலைவர்களுக்கு ‘நீண்ட ஆயுளும் நல்ல சுகமும்’ கேட்கும் வரி மாதந்தோறும் தவறாமல் இடம்பெறுகிறது. அரசனுக்கான ஜெபமாகிய 72-ஆம் சங்கீதமும் ஆயுளைக் கேட்கிறது. ‘அவர்நிமித்தம் இடைவிடாமல் ஜெபம்பண்ணப்படும்’ என்றும் சொல்கிறது. ஆனால் அந்த வரி 15-ஆம் வசனத்தில் வருகிறது. கூப்பிடுகிற எளியவனையும் உதவியற்ற சிறுமையானவனையும் அரசன் விடுவிப்பதைப் பற்றிய வரிகள் 12 முதல் 14 வரை அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அடுத்த இதழிலிருந்து அவற்றையும் அதே வரிசையில் சேர்த்து அச்சிட்டால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்