உன் பையன் பாக்ஸிங் கேக்குறான்னு எழுதியிருந்தியே

டேய் சேகரு,

எப்படிடா இருக்க. உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவத்துல இருப்ப, தெரியும். இங்க அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன். வலது கண்ணு முடிஞ்சுது, இன்னொன்னு தை கழிச்சு பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. சொட்டு மருந்து நாலு வேளையும் நான்தான் போடுறேன், அஞ்சு நிமிஷம் லேட்டானா டாக்டர விட அம்மாதான் ஜாஸ்தி திட்டுறாங்க. எனக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கு, மாடிப்படி பாத்தாலே பயம், அத விடு.

உன் பையன் பாக்ஸிங் க்ளாஸ் சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, வேணாங்குது, நீ நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறன்னு எழுதியிருந்த. அதோட "இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸாடா, ரெண்டு பேரு மூஞ்சிய உடைச்சுக்கிறத காசு குடுத்து பாக்குறது"ன்னு ஒரு வரி, "அதுல இருக்கவனெல்லாம் வெளிய வந்தாலும் ரவுடிதான"ன்னு இன்னொரு வரி. ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதிட்ட, எனக்கு ரெண்டும் வேற வேற கேள்வியா தெரியுது.

இதுல எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஏழாவது படிக்கிறப்ப டிவியில வர்ற மல்யுத்தம், அந்த டபிள்யூ டபிள்யூ எஃப் கார்டு வச்சுக்கிட்டு கடைசி பெஞ்சுல ஆடுவோமே, அதெல்லாம் முன்னாடியே பேசி வச்சுதான் அடிக்கிறாங்கன்னு உங்க அண்ணன் சொன்னதுக்கு ரெண்டு நாள் நீ அவன்கூட பேசவே இல்ல. சும்மா அடிச்சப்ப நெஜம்னு நம்பினவன், நெஜமா அடிச்சா ஸ்போர்ட்ஸ் இல்லங்குற.

சரி, உன் முதல் கேள்விக்கு வர்றேன். 1993 நவம்பர்ல அமெரிக்காவுல டென்வர்ல, குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்த யூஎஃப்சி சண்டைப் போட்டி முதல் தடவ நடந்தப்ப நீ இத சொல்லியிருந்தா நானே தலையாட்டியிருப்பேன். வெயிட் க்ளாஸ் கிடையாது, கண்ண நோண்டக்கூடாது கடிக்கக்கூடாதுங்குற அளவுலதான் ரூல்ஸ். முதல் சண்டையிலயே கீழ விழுந்த சுமோக்காரர் மூஞ்சியில ஒரு உதை, பல்லு தெறிச்சு வெளிய போச்சு. ஜான் மெக்கெய்ன்னு ஒரு செனட்டர், அவரு பாக்ஸிங் ரசிகர் வேற, இது மனுஷங்கள வச்சு நடத்துற சேவக்கட்டுன்னு சொல்லி 50 மாநில கவர்னருக்கும் லெட்டர் போட்டாரு. நியூயார்க் 1997ல தடையே போட்டுச்சு, அத எடுக்க 2016 ஆயிருச்சு. நடுவுல என்ன மாறுச்சுன்னா, நியூஜெர்சி மாநிலத்துக்காரங்க உக்காந்து ஒழுங்கா ரூல்ஸ் எழுதினாங்க, வெயிட் பிரிச்சாங்க, ரவுண்டுக்கு அஞ்சு நிமிஷம்னு வச்சாங்க, பின்னந்தலையில அடிக்கக்கூடாது, கீழ கெடக்குறவன் தலையில உதைக்கக்கூடாது, டாக்டர் நிறுத்துன்னா நிறுத்தணும்.

எனக்கு இதுல முக்கியமா படுறது ஒண்ணுதான். முடியலன்னா கையால ரெண்டு தட்டு தட்டிட்டா போதும், அடிக்கிறவன் அந்த நொடியே விட்டுடணும், விடலன்னா ரெஃப்ரி பிச்சு எடுப்பாரு. நம்ம தெருச்சண்டையில எவன்டா தட்டினா விடுறான்? ரெண்டு பேரும் சம்மதிச்சு, ஒரே எடையில, நடுவுல ஒரு ஆள நிறுத்தி வச்சு அடிச்சுக்கிறாங்க, அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் அது ஸ்போர்ட்ஸ்தான்.

ஆனா தங்கச்சி பயப்படுறதுல நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். 1982ல லாஸ் வேகாஸ்ல ஒரு பாக்ஸிங் சண்டையில கிம் துக் கூன்னு ஒரு கொரியாக்காரர் ரே மான்சினிகூட 14 ரவுண்டு நின்னு வாங்கி விழுந்தவரு நாலு நாள்ல செத்துட்டாரு, அதுக்கப்புறம்தான் 15 ரவுண்டு இருந்தத 12 ஆக்குனாங்க. ஒரு உசுரு போய்தான் மூணு ரவுண்டு கொறஞ்சுது. சாவு எப்பவாவது, மூளையில ஏறுற அடி தினமும். பாக்ஸருங்களுக்கு பின்னாடி பேச்சு கொழறுறது, தடுமாறுறது எல்லாத்தையும் "பஞ்ச் ட்ரங்க்"னு ஒரு டாக்டர் 1928லயே எழுதிட்டாரு. கிரிக்கெட்ல பால் தலையில பட்டா அது விபத்து, இங்க தலைதான் குறியே. இதுக்கு என்கிட்ட பதில் கிடையாது.

இப்ப ரெண்டாவது வரி, அதான் இத்தன நாளா எழுத விடாம என்ன கொடஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதுல இருக்கவனெல்லாம் ரவுடின்னு சொன்னல்ல, அது தப்பு. ஹெவிவெய்ட் சாம்பியனா இருந்த விட்டாலி க்ளிட்ச்கோ 2014லேர்ந்து உக்ரைன் தலைநகரம் கீவுக்கு மேயர், டாக்டரேட் வாங்குனவரு. ஜார்ஜ் ஃபோர்மன்னு இன்னொரு பாக்ஸர் பாதியில சர்ச் ஊழியம் பண்ணப் போயி பத்து வருஷம் கழிச்சு திரும்ப வந்து 45 வயசுல சாம்பியன் ஆனாரு. ரவுடி எல்லா ஆட்டத்துலயும் இருக்கான்டா, ஆனா இந்த ஆட்டத்த நடத்துறவங்க அந்த ரவுடித்தனத்த என்ன பண்றாங்கன்னு பாரு, அங்கதான் நாறுது.

பாக்ஸர் மைக் டைசனையே எடுத்துக்க. 1992ல இண்டியானாபொலிஸ்ல பாலியல் வன்கொடுமை கேஸ்ல தண்டனை, மூணு வருஷம் ஜெயில். 1995 மார்ச்ல வெளிய வர்றாரு, ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ்ல கோடிக்கணக்குல சம்பளத்தோட ரிங்ல நிக்கிறாரு, ஊரே திரண்டு வந்து பாக்குது. அதே ஆளு 1997ல சண்டை நடுவுல எதிராளி ஹோலிஃபீல்ட் காத கடிச்சப்ப 30 லட்சம் டாலர் அபராதம், லைசன்ஸ் ரத்து, ஒரு வருஷத்துக்கு மேல ரிங் பக்கமே வர முடியல. ஒரு பொண்ணோட வாழ்க்கைக்கு கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு, ஆட்டத்துக்காரங்க மாலை போட்டாங்க. காதுக்குத்தான் அவங்களுக்கு கோவம் வந்துச்சு.

இன்னொரு பாக்ஸர் மேவெதர் கத இன்னும் மோசம். தன் குழந்தைங்களோட அம்மாவ அடிச்ச கேஸ்ல ஜெயில் தண்டனை. 2012 ஜனவரியில உள்ள போகணும், ஆனா மே மாசம் கோட்டோகூட ஃபைட் புக் ஆயிருக்குன்னு லாஸ் வேகாஸ் நீதிபதி தேதிய ஜூனுக்கு தள்ளி வச்சாரு! ஊருக்கு வருமானம் வருதுல்ல. ஃபைட்ட ஜெயிச்சுட்டு பொறுமையா உள்ள போனாரு, ரெண்டு மாசத்துல வந்துட்டாரு.

உன் பையன் போஸ்டர் ஒட்டி வச்சிருக்கான்னியே அந்த யூஎஃப்சி ஃபைட்டர் மெக்ரெகர், 2018 ஏப்ரல்ல ப்ரூக்ளின்ல மத்த ஃபைட்டருங்க உக்காந்திருந்த பஸ்ஸு மேல சாமான் தள்ளுற இரும்பு வண்டிய தூக்கி எறிஞ்சாரு, கண்ணாடி உடைஞ்சு உள்ள இருந்தவங்களுக்கு அடி, ரெண்டு பேரு அந்த வார சண்டையே ஆட முடியல. அதுக்கு என்ன ஆச்சு? அஞ்சு நாள் சமூக சேவை. அக்டோபர்ல கபீப்கூட சண்டை வந்தப்ப அதே பஸ் வீடியோவத்தான் யூஎஃப்சி விளம்பரத்துல போட்டு டிக்கெட் வித்துச்சு. 2019ல டப்ளின் பப்புல அவரு விஸ்கிய வாங்கிக்க மாட்டேன்னு சொன்ன ஒரு பெரியவர குத்துனாரு, ஆயிரம் யூரோ அபராதம். 2024 நவம்பர்ல டப்ளின் ஹைகோர்ட் சிவில் கேஸ்ல ஒரு பொண்ணு குடுத்த பாலியல் வன்கொடுமை புகார்ல ஜூரி அவருக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, கிட்டத்தட்ட 2.5 லட்சம் யூரோ நஷ்ட ஈடு, அடுத்த வருஷம் அப்பீல்லயும் தோத்தாரு. போஸ்டர கிழிக்கச் சொல்லல, ஆனா இத அவன்கிட்ட உக்காந்து பேசு. சரி, மேல இருந்து யாராவது கண்டிக்கட்டும்னா, யூஎஃப்சி தலைவர் டேனா வைட்டே 2022 டிசம்பர் 31 ராத்திரி பொண்டாட்டிய அறைஞ்சது வீடியோவுல வந்துச்சு, மன்னிப்பு கேட்டாரு, சீட்டு அப்படியே இருக்கு.

அப்ப இவங்களுக்கு கண்டிக்கவே தெரியாதான்னு கேட்டா, தெரியும்டா. 1967 ஏப்ரல்ல வியட்நாம் போருக்கு ஆள் எடுக்குறப்ப முகமது அலி வர மாட்டேன்னாரு, யாரையும் ஒரு அடி அடிக்கல. அன்னைக்கே நியூயார்க் பாக்ஸிங் கமிஷன் லைசன்ஸ நிறுத்துச்சு, பட்டத்த புடுங்கிட்டாங்க, கோர்ட்டுல தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே. மூணரை வருஷம் ரிங்ல ஏற முடியல, அதுவும் 25 வயசுல. சுப்ரீம் கோர்ட் 1971ல தண்டனைய ரத்து பண்ணுச்சு, அந்த வயச யாரு திருப்பிக் குடுப்பா. அலியும் புத்தர் கிடையாது, எதிராளி ஜோ ஃப்ரேசியர கொரில்லான்னு சொல்லி கேவலப்படுத்துனது கொஞ்ச நஞ்சமில்ல. 1980ல அவரு மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ்கூட சும்மா கண்காட்சி சண்ட போட்டப்ப எங்க பெரியப்பா ரயிலேறிப் போயி பாத்தாரு, எம்.ஜி.ஆர். வந்திருந்த கூட்டம் அது. சாகுற வரைக்கும் பெரியப்பாவுக்கு அந்த குத்து ஒண்ணும் ஞாபகம் இல்ல, "போக மாட்டேன்னு சொன்னான்டா"ங்குறதத்தான் திருப்பித் திருப்பி சொல்லுவாரு.

இவ்ளோ எழுதிட்டு நம்ம கராத்தே மாஸ்டர பத்தி எழுதாம விட்டா நல்லா இருக்காது. பேரு வேணாம், உனக்குத் தெரியும். க்ளாஸ் ஆரம்பிக்கிறப்ப கண்ண மூடி நின்னு கோவத்த அடக்குவேன்னு உறுதிமொழி எடுக்க வைப்பாரே, பெல்ட்டுக்கு பெல்ட்டு ஃபீஸ் வேற. அவரு வீடு எங்க அத்த வீட்டுக்கு பின்னாடிதான். ராத்திரியில அந்தம்மா கத்துறது சுவத்த தாண்டி கேக்கும், காலையில அத்த மூஞ்சிய பாத்தா எனக்கு எல்லாம் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். அதனாலதான் நான் பச்சை பெல்ட்டோட நின்னேன். அப்ப உன்கிட்ட கால் வலின்னு பொய் சொன்னேன், முப்பது வருஷம் ஆச்சு, இப்பதான் சொல்றேன்.

அதனால க்ளாஸ்ல சேக்குறதுக்கு முன்னாடி நீ மட்டும் போயி ஒரு ஓரமா ஒரு மணி நேரம் உக்காரு. மெடல் மாட்டி வச்சிருக்கறத பாக்காத. அடி வாங்கி அழுவுற பையன்கிட்ட கோச் என்ன பேசுறாரு, ஜாஸ்தி அடிச்ச பையன என்ன பண்றாருன்னு பாரு. பிடிச்சா சேரு, ஆனா ரெண்டு வருஷத்துக்கு பேக்ல குத்தட்டும், கயிறு தாண்டட்டும், ஆளுக்கு ஆள் தலையில குத்துறதெல்லாம் வேணாம்னு கண்டிஷன் போடு. இல்ல ஜூடோ கெடைச்சா அத கேட்டுப் பாரு, குத்து கிடையாது, முதல்ல விழத்தான் கத்துக் குடுப்பாங்க.

அலாரம் அடிக்குது, அம்மாவுக்கு சொட்டு போடணும். தங்கச்சிய கேட்டதா சொல்லு. பொங்கலுக்கு வர்றப்ப அந்த கார்டு கட்டு இருந்தா எடுத்துட்டு வா, அண்டர்டேக்கர் கார்டு என்னோடது.

உன்
பாலு