காஃப்ஸ் ஹார்பருக்கு எங்களை அனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் தேசிய டச் (touch, ஆளைத் தொட்டு ஆடும் பந்தாட்டம்) லீக் போட்டிகள் முடிந்து, கடற்கரை ஊரான காஃப்ஸ் ஹார்பரிலிருந்து எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். 35 வயதைக் கடந்த பெண்கள் பிரிவில் எங்கள் பிராந்திய அணி அரையிறுதியில் தோற்றது. "கப் எங்க?" என்று கோயிலிலும் கடையிலும் நிறுத்திக் கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கேப்டன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். ஆனால் இந்த முறை எங்களுக்குக் கைகொடுத்தவர்களில் பாதிப் பேர் தமிழ்க் குடும்பங்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு பொம்மையைத் தட்டிவிட்டு ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன விளையாட்டு என்று கேட்காமலேயே பணம் கொடுத்தவர்கள் பலர். கொடுத்த காசு எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? ரக்பி லீக் என்ற பந்தாட்டத்தில் ஆளைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். டச்சில் சும்மா தொட்டாலே போதும். நம் ஊர்ச் சடுகுடுவில் தொட்டால் ஆள் அவுட். இங்கே ஆள் வெளியேறுவதில்லை. தொடப்பட்டவர் அந்த இடத்திலேயே பந்தைத் தரையில் வைத்துக் கால்களுக்கு நடுவே பின்னால் உருட்டிவிடுவார், பின்னால் நிற்பவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆறு முறை தொட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் தடுக்கும் அணி ஏழு மீட்டர் பின்னால் போக வேண்டும், பின்னால் நிற்பவர் பந்தைத் தொட்டதும் மறுபடி முன்னால் பாய வேண்டும். களத்தில் ஆறு பேர், வெளியே எட்டுப் பேர். யார் எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். அப்படி மாறி மாறி இறங்கியும் இருபது நிமிடப் பாதி முடிவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

ரக்பி லீக்காரர்கள் பயிற்சிக்கு ஆடிக்கொண்டிருந்ததைத் தனி விளையாட்டாக்கிப் போட்டி நடத்தியவர்கள் தென் சிட்னி ஜூனியர் ரக்பி லீக்கைச் சேர்ந்த பாப் டைக்கும் ரே வாடனும். அது 1968-ல். 1980-ல் கோல்ட் கோஸ்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது. இன்றைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் சம்பளம் கிடையாது. பதிவுக் கட்டணம், ஜெர்சி, தங்குமிடம், பெட்ரோல் எல்லாம் ஆடுகிறவர் கையிலிருந்துதான். தேசியப் போட்டி என்றதும் அரசாங்கம் விமான டிக்கெட் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் இதில் நுழைந்ததே ஆள் பற்றாக்குறையால். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் கலப்பு ஆட்டத்தில் ஆண்கள் மூன்று பேருக்கு மேல் களத்தில் நிற்கக் கூடாது. அதனால் சிட்னியில் எந்த ஆபீஸ் அணியைப் பார்த்தாலும் பெண்களுக்குத் தட்டுப்பாடு. "சும்மா ஓரத்துல நின்னா போதும்" என்று கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஆடிய சடுகுடு கால்களுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது.

நன்றியை வெங்காயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எந்தக் குழுவுக்குப் பணம் தேவைப்பட்டாலும் வார இறுதியில் பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடை வாசலில் சாசேஜ் (இறைச்சிக் குழல்) சுட்டு, ரொட்டியில் சுருட்டி விற்பது வழக்கம். எங்களுக்கும் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. சிட்னியின் வென்ட்வொர்த்வில் பகுதி மாமி வாழ்நாளில் முட்டைகூடத் தொட்டதில்லை. அடுப்புப் பக்கம் வர மாட்டேன் என்றவர், மூட்டை வெங்காயத்தையும் தன் காருக்குள் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடுக்கி வந்தது அத்தனையும் ஒரே கனத்தில், பாதி நிலா வடிவத்தில். "இவ்ளோ வெங்காயத்தை நறுக்கிண்டு ஒரு சாம்பார்கூட வெக்கலையே" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுத்தார். அந்தக் கடையில் ஒரு விதி உண்டு: வெங்காயத்தைச் சாசேஜுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் தரையில் விழுந்து யாராவது வழுக்குவார்களாம். 2018-ல் இந்த விதி வந்தபோது நாடே சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. யாராவது வரிசை மாற்றி வைத்தால் கண்ணாலேயே அதட்டினார். மாமி, உங்களுக்கு எங்கள் பதினான்கு பேரின் நமஸ்காரம்.

பிரியாணி ஆர்டர் எடுத்த டூங்காபி பகுதி நண்பர்களுக்கும், இரண்டு தேக்சாவையும் இரவல் தந்து கரண்டி பிடிக்க ஆளும் அனுப்பிய அண்ணனுக்கும், ஒரு பொட்டலம் வாங்கி மூன்றுக்குப் பணம் போட்டவர்களுக்கும் நன்றி. போட்டது யாரென்று வங்கிக் கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது, ஆனாலும் பெயர் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து இங்கே குடியேறிய அக்கா ஒருவர், 2019-ல் புத்ராஜெயாவில் நடந்த டச் உலகக் கோப்பையை நேரில் பார்த்தவர். புதன்கிழமை மாலைகளில் எங்களுக்கு எதிர் அணியாக நிற்க ஆள் திரட்டி வந்ததும், கூம்புகளை அடுக்கியதும், "பந்தைப் பாக்காத லா, அவ இடுப்பைப் பாரு" என்று கத்தியதும் அவர்தான். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குக் காலிறுதியை வென்று கொடுத்தது என்று கோச்சே ஒப்புக்கொண்டார்.

என் அத்தை கரூரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர், பிள்ளைகளோடு சமையலையும் சேர்த்துத் தலையில் வாங்கிக்கொண்டார். "முட்டி போச்சுன்னா எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. இந்த வயதில் பொம்பளைகள் எதற்கு இப்படி ஓட வேண்டும் என்ற கேள்வியை அவர் இன்னும் கைவிடவில்லை. கைவிடாமலேயே புளியோதரையும் கட்டிக் கொடுத்தார். ஷிப்ட் மாற்றிக்கொண்ட என் சக ஊழியர்களுக்கும் இதே பத்தியில் நன்றி சொல்லிவிடுகிறேன், அவர்கள் புளியோதரை கிடைக்காத வருத்தத்தில் இருக்கிறார்கள்.

சிட்னியிலிருந்து காஃப்ஸ் ஹார்பர் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பசிபிக் நெடுஞ்சாலையில் டாரி, கெம்ப்சி என்று தாண்டித் தாண்டி, இரண்டு வேன்களையும் ஓட்டியது கேப்டனின் கணவரும் எங்கள் விங் (ஓரத்தில் ஆடும்) ஆட்டக்காரியின் தம்பியும். போட்டி வாரத்தில் நாடெங்கிலுமிருந்து அணிகள் வந்து இறங்குவதால் அந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் முன்பணம் கட்டிய விடுதியும் கடைசி நேரத்தில் கையை விரித்தது. அதைப் பற்றி இங்கே பேசிப் பயனில்லை. பேச வேண்டியது பக்கத்து டூர்மினாவில் இருக்கும் ஒரு வயதான தம்பதியைப் பற்றி. எங்கள் கோச்சுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான் உறவு. வீட்டைத் திறந்துவிட்டு, தோட்டத்தில் நிற்கும் கேரவனையும் கொடுத்து, தாங்கள் மகள் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: சேற்றுத் துணியை முதலில் வெளிக் குழாயில் அலசவும், தேநீர் மேல் அலமாரியில்.

சேற்றுக்குக் குறைவே இல்லை. அந்தக் கடற்கரையில் மார்ச் மாதம் மழை மாதம். இரண்டாம் நாள் பெய்த மழையில் கோடுகள் கரைந்து ஓடின. நாங்கள் கூடாரத்துக்குள் ஒண்டிக்கொண்டு, இன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டிருந்தோம். மைதான ஊழியர்கள் மழைக்கோட்டோடு இறங்கி, நீர் தேங்கிய மூலைகளைத் தள்ளிவிட்டு, கோடு போடும் வண்டியை உருட்டிக்கொண்டு ஒவ்வொரு களமாக வந்தார்கள். ஒருவர் கோடு போட, இன்னொருவர் பின்னால் நடந்து மூலைக் கூம்புகளை நேர்செய்தார். மறுநாள் காலை முதல் ஆட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியது. அந்த மண்ணின் மூத்த குடிகளான கும்பைங்கிர் மக்களுக்கும் எங்கள் வணக்கம்.

எங்கள் டிரெய்னர் தொழில்முறையில் பிசியோதெரபிஸ்ட். ஆண்டு விடுப்பில் நாங்கள் மதுரை, மெல்போர்ன் என்று போவோம், அவர் அதை எங்கள் கெண்டைக்கால்களுக்குச் செலவழித்தார். விடியற்காலையில் வரிசையாக உட்காரவைத்து டேப் ஒட்டுவார். ஒட்டும்போது வாயைத் திறந்து வலிக்கிறதா என்று கேட்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். அரையிறுதிக்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு முறை இறங்கினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் களத்தில் நிற்காதே" என்றார். அதனால்தான் இன்று படி ஏறுகிறேன்.

அந்த அரையிறுதியைச் சொல்லாமல் நடுவர்களுக்கு நன்றி சொல்ல முடியாது. நேரம் முடிந்தபோது சமநிலை. அப்போது ஆட்களைக் குறைப்பார்கள்: பக்கத்துக்கு நான்கு பேராகி, அப்போதும் முடிவாகாவிட்டால் மூன்று பேர். 50 மீட்டர் அகலத்தை மூன்று பேர் காப்பது எப்படியென்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரணிக்காரி ஒருத்தி ஓரமாகப் பாய்ந்தாள். எங்கள் லிங்க் (நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஆடும்) ஆட்டக்காரி அவள் ஜெர்சியைத் தொட்டதாகக் கை தூக்கினாள். கூட்டம் கத்தியது. நடுவர் ஒரு பெண், இருபது வயது இருக்கும். பத்தடிக்குள் ஓடி வந்துகொண்டிருந்தவள் தலையை அசைத்து, ஆட்டம் தொடரட்டும் என்றாள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டாள் எதிரணிக்காரி: டச்டவுன். போட்டியிலிருந்து வெளியே.

அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. வேனில் திரும்பும்போது எங்கள் லிங்க் ஆட்டக்காரியே, "துணி மேல பட்ட மாதிரிதான் இருந்துச்சு, சத்தியம் பண்ண முடியாது" என்றாள். டச்சில் ஜெர்சியில் பட்டாலும் தொட்டதுதான், பட்டதா என்பதுதான் கேள்வி. அந்த நடுவர்ப் பெண்ணும் விடுப்பு எடுத்து வந்தவள். மூன்று பேர் கொண்ட குழுவில் நடுக்களமும் கோட்டோரமுமாக மாறி மாறி ஓடி, எங்கள் ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த களத்துக்குப் போனாள். நாங்கள் மாற்றி மாற்றி இளைப்பாறினோம், அவளுக்கு ஆள் மாறி உட்கார இன்டர்சேஞ்ச் பாக்ஸ் கிடையாது. நடுவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் பூங்காவில் பந்து போட்டுக்கொண்டிருப்போம். உங்கள் அத்தனை பேருக்கும், அந்தப் பெண்ணுக்குத் தனியாகவும், நன்றி.

தோற்ற அன்று மாலை எங்களை வூல்கூல்கா குருத்வாராவுக்கு இழுத்துப் போனது வேன் ஓட்டிய தம்பி. காஃப்ஸுக்கு வடக்கே கொஞ்ச தூரம். வாழைத்தோட்ட வேலைக்கு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் வேரூன்றிய ஊர் அது. நாட்டின் முதல் சீக்கியக் கோயில் அங்கே 1968-ல் திறந்தது. டச் பிறந்த அதே வருஷம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, எல்லோருக்கும் பசி. தலையை மூடத் துணி இல்லாமல் ஆட்டத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு, சேறு ஊறிய சாக்ஸைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். பருப்பும் ரொட்டியும் கேட்கக் கேட்க வந்தன. பரிமாறிய பாட்டி ஒருவர், ஜெயித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் தட்டில் இன்னொரு ரொட்டி விழுந்தது.

எங்களைத் தோற்கடித்த அணிக்கும் ஒரு வார்த்தை. மறுநாள் உங்கள் இறுதி ஆட்டத்துக்கு நாங்கள் கத்திய கத்தல் காதில் விழுந்திருக்கும். தொண்டை இன்னும் சரியாகவில்லை.

இனி கணக்கு. செலவு போக மிஞ்சிய தொகையில் எங்கள் சங்கத்தின் சிறுமியர் அணிகளுக்குப் பந்துகள் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புதன்கிழமைப் பயிற்சி மழை இல்லாவிட்டால் வழக்கம்போல் நடக்கும். பெண்களுக்கு இப்போதும் தட்டுப்பாடுதான். வயது பார்ப்பதில்லை, ஷூ இருந்தால் வாருங்கள்.

பிரியாணி நாளில் வந்த பாத்திரங்களில் ஒரு எவர்சில்வர் தூக்கும், "ஆர்.எஸ்." என்று பொறித்த இரண்டு கரண்டிகளும், மாமியினுடையது அல்லாத ஒரு அரிவாள்மனையும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும். அத்தை ஊருக்குக் கிளம்புவதற்குள் வந்தால் காபியும் கிடைக்கும்.

அன்புடன்,
அணியின் சார்பில்,
அந்த ஓரத்தில் நின்றவள்