மாற்றுப் பொருளையும் அதன் காரணத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவரும் கேக், பிஸ்கட் செய்முறைகளைப் பல ஆண்டுகளாகக் கத்தரித்து, ஒரு நோட்டில் ஒட்டிப் பாதுகாத்து வருபவள் நான். பிறந்தநாள், திருமணநாள், புது வீடு என எந்த நல்ல நாள் வந்தாலும் அந்த நோட்டைப் புரட்டித்தான் பரிசைத் தேடத் தொடங்குவேன். கையில் பணம் குறைந்த மாதங்களில் வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம் இது. கையில் பணம் இருக்கும் மாதங்களிலும் இப்போது விட மனம் வருவதில்லை. அந்த உரிமையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். செய்முறைகளில் எந்தப் பொருள், எவ்வளவு என்பதைத் தெளிவாகத் தருகிறீர்கள். அந்தப் பொருள் எதற்காகச் சேர்கிறது, வீட்டில் அது இல்லையென்றால் எதைக் கொண்டு சமாளிக்கலாம் என்பதையும் உடன் அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறேன் என்பதற்கு என் சொந்த அனுபவமே காரணம். ஓராண்டு, என் தங்கை மகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய உட்கார்ந்து, மாவைச் சலித்து முடித்த பிறகுதான் பேக்கிங் பவுடர் தீர்ந்துபோயிருப்பதைக் கவனித்தேன். சமையல் சோடா இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி, அதே அளவு சோடாவைப் போட்டுவிட்டேன். கேக் கருமை கலந்த நிறத்தில் வந்தது. வாயில் வைத்தால் சோப்பைக் கடித்தது போன்ற கசப்பு. அந்தக் குழந்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாதித் துண்டை ஒன்றும் சொல்லாமல் தின்றாள். அந்த முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். சோடா ஒரு காரப்பொருள். புளிப்பான ஏதாவது ஒன்றோடு சேரும்போதுதான் அது முழுமையாக வேலை செய்து, கரியமில வாயுவை வெளிவிட்டு மாவை உப்பச் செய்கிறது. பேக்கிங் பவுடரிலோ சோடாவும், அதற்கு வேண்டிய அமிலப்பொருளும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதற்கான மாவுச்சத்தும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. ஆகவே, தனிச் சோடாவின் வலிமை ஏறத்தாழ மூன்று நான்கு மடங்கு அதிகம். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்குப் பதிலாகக் கால் தேக்கரண்டி சோடாவையும் அரைக் கப் புளித்த மோரையும் சேர்த்து, செய்முறையில் உள்ள மற்ற நீர்ப்பொருளில் அரைக் கப்பைக் குறைத்திருந்தால் அன்றைய கேக் நன்றாகவே வந்திருக்கும். மோரும் இல்லையென்றால், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஒரு கப்பில் ஊற்றி, மீதியைப் பாலால் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்தால் அது மோரின் வேலையைச் செய்துவிடும். அந்தச் செய்முறையின் கீழே இந்த இரண்டு வரிகள் இருந்திருந்தால் போதும்.

சொல்லப்போனால், பேக்கிங் பவுடரே வீட்டுச் சமாளிப்பில் பிறந்த பொருள்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த மருந்து வணிகர் ஆல்பிரட் பேர்டின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்காகவே 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்டைச் சோள மாவைக் கொண்டும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பச் செய்யும் பொடியையும் பேர்டு உருவாக்கினார். ஒருவரை மனத்தில் வைத்து, அவரால் எதை உண்ண முடியும் என்று யோசித்துச் செய்த அந்தப் பொருள் இன்று உலகமெங்கும் அடுக்களைகளில் இருக்கிறது. கையால் செய்து தரும் பரிசைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் செய்திதான்.

முட்டையைப் பற்றியும் வெண்ணெயைப் பற்றியும் வாசகர்களுக்கு இதே வகை விளக்கம் தேவைப்படுகிறது. ஒன்றிரண்டு முட்டை மட்டும் சேரும் கேக்கில், அதன் முதன்மையான வேலை மாவைப் பிணைத்து ஈரப்பதம் தருவதாகும். அங்கே ஒரு முட்டைக்குக் கால் கப் தயிரோ மசித்த வாழைப்பழமோ போதும். ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்தும் சேர்க்கலாம். ஆனால், முட்டையை நுரைக்க அடித்து, அந்த நுரையில் சிக்கிய காற்றை மட்டுமே நம்பி எழும் ஸ்பாஞ்ச் கேக்கில் இந்த மாற்று எதுவும் பலிக்காது. அங்கே முட்டை இல்லையென்றால் வேறு கேக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று செய்முறை எழுதுபவர் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வெண்ணெயும் அப்படியே. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் கொழுப்பு, எஞ்சியதில் பெரும்பகுதி நீர். எண்ணெயோ முழுவதும் கொழுப்பு. அதனால் வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் ஊற்றுவோர் முக்கால் பங்கு அளவே ஊற்ற வேண்டும். அப்படிச் செய்த கேக் மென்மையாகவே இருக்கும். ஆயினும் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்துக் குழைக்கும்போது உள்ளே சேரும் காற்று எண்ணெயில் சேராது என்பதால், வெண்ணெயே உயிர்நாடியான பிஸ்கட்டில் அந்த மாற்று கைகொடுப்பதில்லை.

இத்தகைய விளக்கங்களை நாளிதழில் எதிர்பார்ப்பது மிகையான ஆசை அன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1940 சனவரியில் பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீட்டு முறை வந்தது. உணவுப் பங்கீடு முழுவதுமாக முடிவுக்கு வந்தது 1954-இல்தான். அந்நாட்டின் உணவு அமைச்சகம் 1940 முதல் வாரந்தோறும் நாளிதழ்களில் சமையல் குறிப்புகளை வெளியிட்டு, கிடைப்பதைக் கொண்டு எப்படிச் சமைப்பது என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஒரு மேசைக்கரண்டி முட்டைப் பொடியுடன் இரண்டு மேசைக்கரண்டி நீர் சேர்த்தால் ஒரு முட்டைக்குச் சமம் என்பன போன்ற கணக்குகளைப் பெண்கள் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். தட்டுப்பாட்டுக் காலத்திலும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய முடிந்தது இத்தகைய அறிவால்தான்.

இனி, பரிசு பற்றி. செலவு குறைந்த பரிசு என்றாலே வண்ணத்தாளும் பசையும் கொண்டு செய்யும் அலங்காரப் பொருள்களையே பெரும்பாலும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். தருபவருக்கு அதில் மகிழ்ச்சி கிடைக்கலாம். பெறுபவரின் வீட்டிலோ அது சில மாதங்களில் அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. உண்டு தீர்க்கும் பரிசுக்கு அந்த நிலை வராது. தொடக்கக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஷார்ட்பிரெட் எனப்படும் வெண்ணெய் பிஸ்கட். எடைக்கணக்கில் மூன்று பங்கு மைதா, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை. முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். ஓரங்கள் இளம்பொன்னிறமாகும் வரை மிதமான சூட்டில் சுட்டு, முற்றிலும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். சூடாக இருக்கும்போதே அடைத்தால் உள்ளே நீராவி படிந்து நமத்துப்போகும். அவசரத்தில் நானும் இப்படிக் கெடுத்திருக்கிறேன்.

ஓவன் இல்லாதவர்களும் பரிசு தரலாம். கழுவி ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடி ஜாடியில், அடியில் மாவும் சோடாவும் உப்பும், அதன் மேல் சர்க்கரை, அதற்கும் மேல் ஓட்ஸ், சாக்லேட் துண்டுகள் என்று அடுக்கி, எவ்வளவு வெண்ணெயும் முட்டையும் சேர்த்து எத்தனை நிமிடம் சுட வேண்டும் என்று ஓர் அட்டையில் கைப்பட எழுதி ஜாடியின் கழுத்தில் கட்டினால் அதைப் பெறுபவர் தமக்கு வசதியான நாளில் சுட்டுக்கொள்வார். தனியாக வாழும் முதியவர்களுக்கும் புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கும் இதைக் கொடுத்திருக்கிறேன். ஜாடி காலியான பிறகும் அந்த அட்டையை வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் உண்டு. பொதிவதற்குத் தாள் வாங்கவும் தேவையில்லை. சதுரத் துணியால் பொருள்களைக் கட்டும் ஃபுரோஷிகி முறையை ஜப்பானியர்கள் நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள். கழிவைக் குறைப்பதற்காக 2006-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே அதை மக்களிடம் மீண்டும் பரப்ப முயன்றார். பழைய பருத்தித் துணியின் கிழியாத பகுதியை வெட்டி ஓரம் தைத்தால் துணியும் பரிசின் பகுதியாகிவிடும். தங்கள் நாளிதழின் பழைய தாளையும் வெளிப்பொதிவாகப் பயன்படுத்துவேன். ஆனால் அச்சு மை உணவில் ஒட்டக்கூடும் என்பதால் பிஸ்கட்டின் மேல் நேராகப் படும்படி ஒருபோதும் சுற்ற மாட்டேன்.

எங்கே சமாளிக்கக் கூடாது என்பதையும் அச்சிட வேண்டும் என்று கேட்பது இத்தகைய காரணங்களுக்காகத்தான். கண்ணாடி ஜாடிக்குள்ளேயே கேக்கைச் சுட்டுச் சூட்டோடு மூடி, மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்து பரிசளிக்கும் யோசனையைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. ஈரமும் புளிப்பின்மையும் காற்றின்மையும் ஒன்றுசேரும் இடத்தில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர வாய்ப்புண்டு. பார்வையாலோ மணத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அழகான புட்டியில் தருவதிலும் இதே அபாயம் உள்ளது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால் பரிசாகத் தர அது ஏற்றதன்று. தேன் சேர்த்த எதையும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. உண்ணும் பரிசு எதுவானாலும் செய்த தேதியையும், கோதுமை, பால், முட்டை, நிலக்கடலை, பிற கொட்டை வகைகள், எள், சோயா ஆகியவற்றில் எவை சேர்ந்துள்ளன என்பதையும் எழுதி ஒட்டுவது கட்டாயம் என்று நான் கருதுகிறேன். மாற்றுப் பொருள் சேர்த்தவர்களுக்கு இது மேலும் பொருந்தும். வழக்கமான கேக்தானே என்று நம்பி உண்பவருக்கு, வெண்ணெய் இருந்த இடத்தில் கடலை எண்ணெய் இருப்பது தெரியாது.

ஆகவே, தங்களிடம் நான் கேட்பது ஒவ்வொரு செய்முறைக்கும் கீழே நான்கைந்து வரி இடம். அளவுகளைக் கப்பில் தருவதோடு கிராமிலும் தாருங்கள். ஒரே கப்பில் மாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராமும் அழுத்தி அள்ளினால் 150 கிராமும் வரும்போது, புதிதாகச் செய்பவர் தம் கைத்திறனைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். படத்தைச் சற்றுச் சிறிதாக்கினாலே இவ்வளவுக்கும் இடம் கிடைத்துவிடும். அடுத்த வார இணைப்பின் முதல் செய்முறையிலிருந்தே இதைத் தொடங்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி