பெயர் ஓரிடத்தில், பணம் உரிய இடத்தில்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் நம்மில் சிலருக்குத் தேவிகுளம் தொகுதியிலும், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சொந்த ஊரிலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது ஊரறிந்த விஷயம். ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆகவே இரண்டிலும் பெயருள்ளவர்கள் ஒன்றை நீக்கப் படிவம் 7ஐயும், ஊரில் மட்டும் பெயர் வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ளப் படிவம் 8ஐயும் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். விரல் மையை அழித்துக்கொண்டு அடுத்த சாவடிக்குப் பஸ் ஏறுவது சாமர்த்தியம் ஆகாது.

பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேரை இழந்த நமக்கு, 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் பட்ட பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிவாரணத்துக்குப் பணம் தர விரும்புவோர், யாரோ அனுப்பும் கியூஆர் குறியீட்டை நம்பாமல், கேரள முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதிக்கான அரசு இணையதளத்தில் நேரடியாகச் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய துணி மட்டும் தயவுசெய்து வேண்டாம். சென்ற முறை நாம் கட்டிய மூட்டையொன்றை நான் பிரித்தபோது, கிழிந்த பட்டுச்சேலையும் ஒற்றைச் செருப்பும்தான் மேலே கிடந்தன.

படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர், ஞாயிறு காலை 10 மணிக்கு வாக்காளர் அட்டையுடன் வாசகசாலைக்கு வரவும்.

– குழு நிர்வாகி