பிஜிஏ டூர் நிர்வாகிகளே, அன்னிகாவைக் கூப்பிட்டீர்கள், சரி. அப்புறம்?

அமெரிக்காவில் ஆண்கள் கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூரின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒரு போட்டியாவது ஆண்களும் பெண்களும் ஒரே மைதானத்தில், ஒரே ஸ்கோர் பட்டியலில், ஒரே கோப்பைக்காக ஆட வேண்டும், அது உங்கள் அட்டவணையில் முறையான போட்டியாக இருக்க வேண்டும். ஆண்களின் டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) ஒரே ஒரு பெண்ணை விருந்தாளியாக நிறுத்திவைத்து, கட் (இரண்டு சுற்று முடிந்ததும் பின்தங்கியவர்களை வெளியேற்றும் வரம்பு) தாண்டுவாரா மாட்டாரா என்று ஊரே பந்தயம் கட்டி வேடிக்கை பார்க்கும் அந்தப் பழைய ஏற்பாட்டைக் கேட்கவில்லை. அதை 2003லேயே அன்னிகா சோரென்ஸ்டாமை வைத்துச் செய்து பார்த்துவிட்டீர்கள்.

கோல்ஃப் பார்க்காத நம்மவர்கள் யாராவது இதை வாசித்தால், அன்னிகா யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1970ல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதில் பயங்கரக் கூச்சம். ஜெயித்தால் மைக் பிடித்துப் பேச வேண்டுமே என்று பயந்து, ஜூனியர் போட்டிகளில் கடைசியில் வேண்டுமென்றே பட்டைத் (குழிக்குள் பந்தை உருட்டிவிடும் அடி) தவறவிட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுவாராம். பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்து, இரண்டாம் இடம் வந்தவரும் பேசியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் தோற்பதில் லாபம் இல்லை என்று ஆகிவிட்டது! அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போய் 1991ல் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனார். பெண்களின் டூரான எல்பிஜிஏயில் அவருடைய முதல் வெற்றியே 1995 அமெரிக்க மகளிர் ஓபன். அடுத்த ஆண்டும் அதே பட்டம். 2001 மார்ச்சில் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஒரு சுற்றை, அதாவது 18 குழிகளை, 59 அடிகளில் முடித்தார் (கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது). முதல் எட்டுக் குழிகளிலும் பர்டி (குழிக்கு வகுத்த அடிக்கணக்கான பாரைவிட ஒன்று குறைவு), மொத்தம் 13 பர்டி, ஒரு போகிகூட (பாரைவிட ஒன்று அதிகம்) இல்லை. எல்பிஜிஏ வரலாற்றில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் 60க்குக் கீழே போனதில்லை. 2002ல் ஆடிய 23 எல்பிஜிஏ போட்டிகளில் 11 வெற்றி. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. கோல்ஃபில் இப்படி நடக்காது. உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரர்கூடத் தோற்கும் வாரங்கள்தான் அதிகம்.

இப்படிப்பட்டவருக்குத் தன்னைச் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. 2003 மே மாதம், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் கொலோனியல் மைதானத்தில் நடந்த உங்கள் போட்டிக்கு ஸ்பான்சர் அழைப்பு வந்தது, ஒத்துக்கொண்டார். 1945ல் பேப் ஜஹாரியாஸுக்குப் பிறகு உங்கள் டூரில் ஆடிய முதல் பெண். அந்த வாரத்தின் பேச்சு எல்லாம் நினைவிருக்கும். இங்கே அவருக்கு இடமில்லை, கட் தாண்டக் கூடாது என்றெல்லாம் சொன்ன ஃபிஜி ஆட்டக்காரர் விஜய் சிங், முந்தைய ஞாயிறு இன்னொரு போட்டியை ஜெயித்துவிட்டுக் கொலோனியலிலிருந்து விலகிக்கொண்டார். (பூர்வீகம் இந்தியா என்பதால் நம் ஆட்கள் அவரை அள்ளி அணைத்துக்கொண்ட காலம் அது. அவர் அன்று பேசியதை மட்டும் யாரும் அணைத்துக்கொள்ள வேண்டாம்.)

மேடை ஏறப் பயந்த அந்தப் பெண், உலகமே பார்த்துக்கொண்டிருக்க 10ஆவது டீயில் நின்று நாலாம் வுட் என்ற மட்டையால் ஃபேர்வே (டீக்கும் குழிக்கும் இடையே புல் வெட்டிய பாதை) நடுவில் நேராக அடித்தார். அடித்துவிட்டு, முழங்கால் கழன்று விழுகிற மாதிரி ஒரு பாவனை வேறு! முதல் நாள் 71, அதாவது பாருக்கு ஒன்று மேலே. 14 ஃபேர்வேயில் 13ஐப் பிடித்தார், 18 கிரீனில் (குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்பரப்பு) 14ஐ உரிய அடிகளுக்குள் தொட்டார். மறுநாள் 74. நாலு ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் கட் போயிற்று. பெண்ணால் அந்தத் தூரத்துக்கு அடிக்க முடியாது என்பதுதான் போட்டிக்கு முன்னால் எல்லோரும் சொன்ன காரணம், ஆனால் முதல் நாள் அவர் காலை வாரியது தூரம் இல்லை. அவ்வளவு கிரீன்களைத் தொட்டுவிட்டு 33 பட் போட்டதுதான்.

கொலோனியலை விட்டு வந்த அடுத்த வாரம் எல்பிஜிஏயில் ஒரு வெற்றி. அதற்கடுத்த வாரம் எல்பிஜிஏ சாம்பியன்ஷிப். ஆகஸ்டில் இங்கிலாந்தின் ராயல் லித்தம் மைதானத்தில் மகளிர் பிரிட்டிஷ் ஓபன், அதோடு மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்கள் எல்லாம் கைக்கு வந்து கிராண்ட் ஸ்லாம் முழுமை. 2008ல் நிறுத்தும்போது 72 எல்பிஜிஏ வெற்றி, அதில் 10 மேஜர். 2021ல் 50 வயதில் சும்மா எட்டிப்பார்க்கிற மாதிரி வந்து அமெரிக்க சீனியர் மகளிர் ஓபனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டு போனது தனிக்கதை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தீர்கள். மிஷெல் வீ, 2018ல் பிரிட்டனி லின்சிகோம், 2023ல் லெக்ஸி தாம்சன் என்று அவ்வப்போது ஓர் அழைப்பு, அதே ஆண்கள் டீ, இரண்டு நாள் டிவி பரபரப்பு, வெள்ளிக்கிழமை மாலை மூட்டை கட்டு. சராசரியாக உங்கள் ஆண்கள் சுமார் 300 கஜம் அடிக்கிறார்கள், பெண்கள் 250, 260. ஆண் ஒன்பதாம் அயர்னைக் (குறைந்த தூரத்துக்கான மட்டை) கையில் எடுக்கும் கிரீனுக்குப் பெண் ஐந்தாம் அயர்ன் (அதிக தூரத்துக்கான மட்டை, துல்லியம் கடினம்) எடுக்க வேண்டியிருந்தால், அங்கே திறமையை எப்படி அளப்பீர்கள்?

ஸ்வீடனில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அன்னிகாவும் ஸ்வீடன் ஆட்டக்காரர் ஹென்ரிக் ஸ்டென்சனும் சேர்ந்து நடத்த, ஐரோப்பாவின் ஆண்கள் டூரும் பெண்கள் டூரும் கைகோத்து ஸ்காண்டிநேவியன் மிக்ஸ்ட் என்று ஒரு போட்டி. 78 ஆண்கள், 78 பெண்கள். பெண்களுக்கு டீ முன்னால். இருவரும் கிரீனுக்கு ஏறக்குறைய ஒரே கிளப்பில் (மட்டையில்) அடிக்கும்படி தூரத்தை அமைப்பதுதான் நோக்கம். கோப்பை ஒன்று, பரிசுப் பணம் ஒன்று. முதல் போட்டியை, 2021ல், ஓர் ஆண் ஜெயித்தார். 2022ல் ஹால்ம்ஸ்டாடில் 22 வயது லின் கிராண்ட், கடைசிச் சுற்றில் 64 அடித்து, பாருக்கு 24 கீழே முடித்து, ஒன்பது ஸ்ட்ரோக் முன்னால். இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் ஸ்டென்சனேதான்!

உடனே புகார் கிளம்பியது, பெண்களின் டீயை ரொம்ப முன்னால் வைத்துவிட்டார்கள் என்று. லின் கிராண்டுக்கு அடுத்து வந்த பெண் 14 ஸ்ட்ரோக் பின்னால் இருந்தார். டீதான் ஜெயிக்க வைத்தது என்றால் மற்ற 77 பெண்களுக்கும் அதே டீதானே? 2023ல் மறுபடி ஓர் ஆண் ஜெயித்தார், அப்போது டீயைப் பற்றி ஒரு சத்தமும் என் காதில் விழவில்லை. 2024ல் ஹெல்சிங்போரியில் செபாஸ்டியன் சோடர்பர்க் எட்டு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, கடைசிக் குழியில் டபுள் போகி (பாரைவிட இரண்டு அதிகம்) போட்டுத் தோற்றார். அன்று காலை அவரைவிட 11 ஸ்ட்ரோக் பின்னால் இருந்த லின் கிராண்ட் 65 அடித்து ஒரு ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். இந்த மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நீங்கள் எவ்வளவு விளம்பரம் செலவு செய்வீர்கள்!

எங்களிடம் கிராண்ட் தார்ன்டன் போட்டி இருக்கிறதே என்பீர்கள். டிசம்பரில், சீசன் முடிந்தபிறகு, ஓர் ஆண் ஒரு பெண் ஜோடி சேர்ந்து ஆடுவது. பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது, நானும் பார்ப்பேன். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் கலப்பு அணிப் போட்டி வருகிறது, நல்லது. ஆனால் இரண்டிலும் பெண் ஆணோடு சேர்ந்து ஆடுகிறாள், ஆணுக்கு எதிராக ஆடவில்லை. நான் கேட்பது இரண்டாவதை.

இடமும் நானே சொல்கிறேன், கொலோனியல். இன்னும் ஒவ்வொரு மே மாதமும் அங்கே உங்கள் போட்டி நடக்கிறது. வலுவை விடத் துல்லியத்துக்குக் கூலி கொடுக்கும் மைதானம், 2003ல் அன்னிகா அதைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். எல்பிஜிஏயோடு உட்கார்ந்து தேதியைப் பேசுங்கள். பாதி ஆண்கள், பாதி பெண்கள். தரவரிசைப் புள்ளிகளை இரு பக்கத்துக்கும் எப்படித் தருவீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு குழிக்கும் டீ எங்கே, ஏன் அங்கே என்று போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே வெளியிடுங்கள்; திட்டுகிறவர்கள் அப்போதே திட்டிக்கொள்ளட்டும். யாராவது ஒரு பெண் ஒன்பது ஸ்ட்ரோக்கில் ஜெயித்த பிறகு வந்து டீயை அளக்க வேண்டாம்.