உப்புக் காற்றைக் காரணம் காட்டி வாரண்டியை மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
பழைய ஆடியோ கருவிகள் சீரமைப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: சான்சுயி ஆம்ப்ளிஃபயரில் தவறான பாகங்கள் பொருத்தியது, வாரண்டி மறுத்தது தொடர்பாக.

ஐயா,

எங்கள் வாப்பா 1970-களின் கடைசியில் துபாயிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் இது. முழுச் சீரமைப்புக்கு 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு 6 மாத வாரண்டி அட்டையும் கொடுத்தீர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு ஸ்பீக்கரிலும் விடாத இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. புகார் சொன்னதற்கு உங்கள் பதில்: "கடலோர உப்புக் காற்றால் ஏற்பட்ட பழுது, வாரண்டி பொருந்தாது."

உப்புக் காற்றைப் பற்றி எங்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஜன்னல் கொக்கி, ஃபேன் ரெக்கை, சைக்கிள் செயின் எதையும் அது விட்டுவைக்காது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்க சாக்கெட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கும், ஸ்விட்ச் கரகரக்கும். அதனால்தான் அதைத் தரையில் வைப்பதில்லை, கடல் பார்த்த ஜன்னல் பக்கமும் வைப்பதில்லை. அடைமழைக் காலத்தில் பாட்டுக் கேட்காவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவோம், உள்ளே சூடேறி ஈரம் போகட்டும் என்று.

உங்கள் பதிலைப் பார்த்த பிறகு, இராமநாதபுரத்தில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மூடியைக் கழற்றினோம். மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கெப்பாசிட்டர் இரண்டும் நீங்கள் மாற்றியவை. இரண்டின் தலையும் உப்பியிருந்தது. அவற்றில் 50 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது, அதாவது அவை தாங்கும் உச்ச அளவு அதுதான். அந்த இடத்தில் மீட்டர் வைத்தால் 54 வோல்ட் காட்டுகிறது. பழையது 63 வோல்ட் என்று நீங்கள் எடுத்த 'முன்பு – பின்பு' படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. 63-ஐ அழித்துவிட்டு 50 என்று எழுதும் உப்புக் காற்று எங்கள் ஊரில் அடிப்பதில்லை.

அடுத்தது வால்யூம் கன்ட்ரோல். இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பழையதில் கரகரப்பு மட்டுமே இருந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை முன்னும் பின்னும் திருப்பியிருந்தால் போயிருக்கும். நீங்கள் அதைக் கழற்றிவிட்டு 'பி' வகையை, அதாவது திருப்பும் அளவுக்கு ஒரே சீராக ஏறுவதைப் போட்டிருக்கிறீர்கள். வால்யூமுக்கு 'ஏ' வகை, அதாவது காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப மெல்ல ஏறுவதுதான் போட வேண்டும் என்பது பிளாட்பாரத்தில் ரேடியோ பிரிப்பவருக்கும் தெரியும். இப்போது குமிழ் ஏழு மணி இடத்திலிருந்து எட்டரைக்கு வந்தாலே தெருவுக்குக் கேட்கிறது. பன்னிரண்டு மணி இடத்துக்கு மேல் எவ்வளவு திருப்பினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நாகூர் ஹனிபா ரெக்கார்டைத் தணிவாக வைத்துக் கேட்கத்தான் இவ்வளவு செலவு செய்தேன். அது ஒன்றுதான் இப்போது முடியவில்லை.

முகப்பை நன்றாகத்தான் பாலிஷ் போட்டிருக்கிறீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாலிஷுக்காக யாரும் சென்னைக்கு கூரியர் போடுவதில்லை.

ஆகவே, கெப்பாசிட்டர்களை 63 வோல்ட்டில் மாற்றித் தர வேண்டும். என்னுடைய பழைய வால்யூம் கன்ட்ரோலைச் சுத்தம் செய்து திரும்பப் பொருத்த வேண்டும். அந்த அளவில், அந்தத் தண்டு நீளத்தில் புதிது கிடைப்பது அரிது. அதைத் தூக்கிப் போட்டிருந்தால் இணையான 'ஏ' வகையைத் தேடிப் போடுவது உங்கள் பொறுப்பு. இரண்டும் முடியாது என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. மெக்கானிக் எடுத்த படங்கள், உங்கள் பில், வாரண்டி அட்டையின் நகல் எல்லாம் இத்துடன் இருக்கின்றன.

அப்புறம், எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது நல்ல மரப்பெட்டியாகக் கொடுத்தனுப்புங்கள். போன தடவை வந்த அட்டைப்பெட்டி அடிப்பக்கம் பிய்ந்துதான் வந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கீழக்கரை.