அப்பத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்: பேராயருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர் அவர்களுக்கும் திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிவில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். முதியோரும் நோயாளிகளும் மறு அறிவிப்பு வரும்வரை நேரலையிலேயே பங்கு பெறலாமாம். குருவானவர் அப்பமும் திராட்சரசமும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வீட்டு நற்கருணை பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனாவில் ஆலயங்கள் மூடியதும் திறந்ததும் நீங்கள் அறியாததல்ல. 2020 மார்ச்சில் மூடி செப்டம்பரில் திறந்தோம். 2021 ஏப்ரலில் மறுபடி பூட்டு, ஜூலையில் திறப்பு, அப்புறம் வெள்ளி, சனி, ஞாயிறு கூடாது என்ற தடை. இந்த 2022 ஜனவரியிலும் அதே தடை. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிந்தோம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இப்போது அரசே தடையை எடுத்துவிட்டது.

என் அம்மாவுக்கு 83 வயது. கடைசியாக நற்கருணை வாங்கியது 2020 மார்ச் 1, முதல் ஞாயிறு. அதற்குப் பிறகு இடுப்பு எலும்பு முறிந்து, கட்டிலும் நாற்காலியும்தான். நற்கருணை வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் பெற்ற நாள்முதல் நற்கருணைக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இப்போதும் முதல் ஞாயிறு வந்தால் வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு, காபி குடிக்காமல் போன் முன்னால் உட்காருகிறார். குருவானவர் "வாங்கிப் புசியுங்கள்" என்று சொல்லும்போது இடது கைமேல் வலது கையை வைத்து ஏந்துகிறார். கேமரா பாடகர் குழு பக்கம் திரும்பிவிடுகிறது. பாமாலை இரண்டு சரணம் ஓடும்வரை அந்தக் கைகள் அப்படியே இருக்கும். அப்புறம் முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சரி, காபி கொண்டா" என்பார். 23 மாதமாக இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் ஐயா.

குருமாருக்கும் உயிர்ப் பயம் உண்டு. 2021 ஏப்ரலில் மூணாறில் கூடிய குருமாரில் பலருக்குத் தொற்று வந்து சிலர் இறந்தே போனார்கள். அலை ஓங்கியிருந்தபோது வீட்டுக்கு வாருங்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. இப்போது தடுப்பூசி இருக்கிறது, முகக்கவசம் இருக்கிறது. எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்க வேண்டாம் என்றால் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துக் கொடுக்கலாம். வாசலிலேயே நின்று கொடுத்தாலும் போதும்.

நமது முன்னோர் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பெற்றுக்கொண்ட 1662ஆம் ஆண்டின் ஜெபப்புத்தகத்தில் நோயாளிகளுக்கான நற்கருணை ஒழுங்கு இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் தொற்றுக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் யாரும் துணைக்கு வராவிட்டாலும், நோயாளி கேட்டுக்கொண்டால் குருவானவர் அவரோடு மட்டும் நற்கருணையில் பங்கு பெறலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அடுத்த மூன்றே வருஷத்தில் லண்டனில் பெரிய கொள்ளைநோய் வந்தது. 360 வருஷத்துக்கு முன்பே யோசித்து வைத்த ஏற்பாடு இது. அதைத்தான் கேட்கிறேன்: வீட்டோடு கிடப்பவர்களுக்கு நற்கருணையை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். திருமண்டலத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு மூன்று அணியும் வந்தன. அம்மாவின் கட்டில் வரைக்கும் வந்து கையைப் பிடித்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். சந்தா ரசீதும் காணிக்கைக் கவரும் மாதம் தவறாமல் வருகின்றன. இவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது. அப்பமும் ரசமும் வர மட்டும் மறு அறிவிப்பு வேண்டுமா? வேதனையில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2022 மார்ச் 2ஆம் தேதி சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரையுள்ள லெந்து காலம் முடிவதற்குள், ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு சேகரத்திலும் வீட்டோடு இருப்பவர்களின் பட்டியலை எடுத்து, ஒரு முறையாவது நற்கருணை கொண்டுபோகச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக்கு எந்தக் கிழமை வந்தாலும் சரிதான். முந்தின நாளே சொல்லி அனுப்புங்கள். அம்மா காலையில் காபி குடிக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்